புன்னகையைச் சீராக்கும் பல் சிகிச்சைகள்: எதைத் தேர்வு செய்வது?

வளைகுடாவில் வேலை பார்க்கும் மகனுக்குப் பெண் பேசி முடித்தாகிவிட்டது. ஒரு மாத விடுமுறையில் ஊருக்கு வருகிறார். வந்த மூன்றாவது வாரம் நிக்காஹ். அதற்குள் முன்பற்களைச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்று பல் மருத்துவரிடம் போகிறார். "கிளிப் போட்டால் ஒன்றரை வருடம் ஆகும், கேப் போட்டால் ஒரே வாரத்தில் முடிந்துவிடும்" என்ற பதில் கிடைக்கிறது. வீட்டில் எல்லோரும் ஒரே வாரத்தில் முடிவதையே தேர்வு செய்கிறார்கள்.

நம் ஊர்களில் அடிக்கடி காணும் நிகழ்வு இது. பெண் பிள்ளைகளின் நிலை இதைவிடச் சிரமமானது. பெண் பார்க்க வந்தவர்கள் "பல் மட்டும் கொஞ்சம் எடுப்பாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போன ஒரு வார்த்தைக்காக, அதன் பிறகு வாயைக் கையால் மூடியே சிரிக்கும் பெண்கள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். எனவே பற்களைச் சீராக்க வேண்டும் என்ற ஆசையை வெறும் பகட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அவசரத்தில் எடுக்கும் முடிவு, நல்ல நிலையில் இருக்கும் பற்களை நிரந்தரமாகச் சேதப்படுத்திவிடக் கூடாது. என்னென்ன சிகிச்சைகள் உள்ளன, எது யாருக்குப் பொருந்தும், ஒவ்வொன்றிலும் நாம் இழப்பது என்ன என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

எனாமல் திரும்ப வளராது

பல்லின் வெளிப்புறம் எனாமல் என்ற உறையால் மூடப்பட்டுள்ளது. மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள் இதுதான். அதற்கு உள்ளே டென்டின், அதற்கும் உள்ளே நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள பல்கூழ். எலும்பு முறிந்தால் கூடிவிடும், தோல் கிழிந்தால் ஆறிவிடும். எனாமலை உருவாக்கிய செல்களோ பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன. அதனால் ஒருமுறை இராவி எடுத்த எனாமல் வாழ்நாளில் திரும்ப வராது.

எனாமல் ஓரளவு ஒளி ஊடுருவும் தன்மை கொண்டது. உள்ளே இருக்கும் டென்டின் இயல்பிலேயே மஞ்சள் நிறமுடையது. அந்த நிறம் வெளியே தெரிவதால்தான் ஆரோக்கியமான பற்களும் லேசான மஞ்சள் சாயலுடன் இருக்கின்றன. வயது ஏற ஏற எனாமல் தேய்ந்து மஞ்சள் கூடுவதும் இயற்கையே. விளம்பரங்களில் காணும் சுண்ணாம்பு வெள்ளை, பெரும்பாலும் இயற்கையான பல்லின் நிறம் அல்ல.

இந்த இரண்டையும் மனதில் வைத்தால் சிகிச்சையைத் தேர்வு செய்வதற்கான அடிப்படை எளிதாகப் புரியும். குறையைத் தீர்க்கக்கூடிய சிகிச்சைகளில், பல்லை மிகக் குறைவாகத் தொடுவது எதுவோ அதிலிருந்து தொடங்க வேண்டும். அது போதவில்லை என்றால் மட்டுமே அடுத்த படிக்குப் போக வேண்டும்.

முதல் படி: சுத்தம் செய்தல்

"பல் மஞ்சளாக இருக்கிறது" என்று வருபவர்களில் பலருக்கு உண்மையில் இருப்பது காறையும் வெளிக்கறையும்தான். தேநீர், காபி, வெற்றிலை பாக்கு, புகையிலை ஆகியவை பல்லின் மேற்பரப்பில் கறையாகப் படிகின்றன. குளோர்ஹெக்சிடின் கலந்த வாய் கொப்பளிக்கும் மருந்தை நீண்ட நாள் பயன்படுத்தினாலும் பழுப்புக் கறை வரும். ஸ்கேலிங் எனப்படும் பல் சுத்தம் செய்யும் சிகிச்சையும், அதற்குப் பிறகு செய்யும் பாலிஷும் இவற்றை நீக்கிவிடும். பெரும்பாலானோருக்கு ஓரிரு முறை சென்றால் போதும்.

ஸ்கேலிங் செய்தால் பல் ஆடிவிடும், இடைவெளி விழும் என்ற பயம் நம்மிடையே பரவலாக உண்டு. காறை நீண்ட காலம் படிந்திருந்தால் ஈறு கீழிறங்கி, பற்களுக்கு இடையே உள்ள இடத்தைக் காறையே அடைத்துக்கொண்டிருக்கும். அதை எடுத்ததும், முன்பே இருந்த இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது. ஈறு நோயால் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல்லும் அப்போதுதான் கவனத்துக்கு வருகிறது. ஸ்கேலிங் அதை உண்டாக்குவதில்லை.

ஈறு வீங்கி இரத்தம் கசியும் நிலையிலோ, சொத்தையை அப்படியே விட்டுவிட்டோ எந்த அழகுச் சிகிச்சையும் செய்துகொள்ளக் கூடாது. அடித்தளம் சரியில்லாத சுவருக்கு வர்ணம் பூசுவது போல் ஆகிவிடும்.

இரண்டாவது படி: வெண்மையாக்குதல்

சுத்தம் செய்த பிறகும் நிறம் மனதுக்கு ஒப்பவில்லை என்றால் ப்ளீச்சிங் செய்யலாம். ஹைட்ரஜன் பெராக்சைடு அல்லது கார்பமைடு பெராக்சைடு எனாமலுக்குள் ஊடுருவி, நிறம் தரும் பொருள்களைச் சிதைக்கிறது. பல்லை இராவுவதில்லை.

இது இரண்டு விதமாகச் செய்யப்படுகிறது. மருத்துவமனையிலேயே அதிகச் செறிவுள்ள மருந்தை, ஈறுகளுக்குப் பாதுகாப்பு கொடுத்துப் பூசுவது ஒன்று. நம் பற்களுக்கு அளவெடுத்துச் செய்த மெல்லிய தட்டில், பொதுவாக 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல்லை இட்டு, வீட்டில் இரவில் அணிந்துகொள்வது மற்றொன்று. இரண்டாவது முறைக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். சிலருக்குப் பல் கூச்சம் வரும். பெரும்பாலும் சில நாட்களில் அது அடங்கிவிடும்.

மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, இந்த வெண்மை நிரந்தரமல்ல. தேநீரும் வெற்றிலையும் தொடர்ந்தால் நிறம் மீண்டும் மங்கும். இரண்டு, ஏற்கெனவே போட்ட கேப், வெனீர், அடைப்பு ஆகியவற்றின் நிறம் ப்ளீச்சிங்கில் மாறாது. எனவே முன்பல்லில் அடைப்போ கேப்போ போட வேண்டியிருந்தால், முதலில் ப்ளீச்சிங் முடித்து, இரண்டு வாரம் கழித்துப் புதிய நிறத்துக்குப் பொருத்தமாக அதைச் செய்ய வேண்டும். மூன்று, கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் இதைத் தள்ளிப்போட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 0.1 சதவீதத்துக்கு மேல் பெராக்சைடு உள்ள வெண்மையாக்கும் பொருள்களை 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2012 முதல் நடைமுறையில் இருக்கிறது.

எலுமிச்சைச் சாறு, உப்பு, கரித்தூள் போன்றவற்றால் தேய்ப்பதைத் தவிர்க்க வேண்டும். எலுமிச்சையின் அமிலம் எனாமலைக் கரைக்கிறது, கரித்தூள் அதை உராய்ந்து தேய்க்கிறது. எனாமல் தேயத் தேய உள்ளிருக்கும் மஞ்சள் டென்டின் இன்னும் தெளிவாகத் தெரியும். வெண்மைக்காகச் செய்வது மஞ்சளைத்தான் கூட்டும். மிஸ்வாக் குச்சியைப் பொறுத்தவரை, முறையாகப் பயன்படுத்தினால் காறை படியாமல் பாதுகாக்க உதவும். பல்லின் உள் நிறத்தை அது மாற்றாது.

மூன்றாவது படி: காம்பாசிட் பாண்டிங்

பல்லின் நுனி உடைந்திருந்தாலோ, இரு பற்களுக்கு இடையே சிறிய இடைவெளி இருந்தாலோ, ஒரு பல் மட்டும் மற்றவற்றைவிடச் சிறியதாக இருந்தாலோ பாண்டிங் நல்ல தேர்வு. பல்லின் நிறத்திலேயே உள்ள காம்பாசிட் என்ற பிசினை ஒட்டி, வடிவம் கொடுத்து, நீல ஒளியால் இறுக்குகிறார்கள். பெரும்பாலும் பல்லை இராவத் தேவையில்லை, அல்லது மிகக் குறைவாகவே இராவுவார்கள். ஒரே நாளில் முடிந்துவிடும். உடைந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்துகொள்ளலாம்.

குறை என்னவென்றால், பீங்கானைப் போல இது பளபளப்பைத் தக்கவைக்காது. சில ஆண்டுகளில் கறை பிடிக்கும், ஓரம் சிதையும். அவ்வப்போது பாலிஷ் செய்யவும், பிறகு மாற்றவும் வேண்டியிருக்கும். ஆனால் அடியில் நம் சொந்தப் பல் ஏறக்குறைய முழுமையாக இருக்கிறது. 20 வயதுகளில் உள்ளவர்களுக்கு இந்த ஒன்றே பெரிய நன்மை.

பற்களை நகர்த்தும் சிகிச்சை

எத்துப் பல், தெத்துப் பல், நெருக்கமாக ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பற்கள் ஆகியவற்றுக்கு உரிய சிகிச்சை, பற்களை அவற்றின் இடத்துக்கு நகர்த்துவதுதான். நாம் கிளிப் என்று சொல்லும் உலோக பிரேஸ், பல்லின் நிறத்தில் உள்ள செராமிக் பிரேஸ், கழற்றி மாட்டக்கூடிய கண்ணாடி போன்ற அலைனர் எனப் பல வகைகள் உண்டு. பெரும்பாலும் ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை ஆகும். சிலருக்கு இடம் உண்டாக்குவதற்காக ஓரிரு பற்களை எடுக்கவும் நேரலாம்.

அலைனரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 22 மணி நேரம் அணிந்திருக்க வேண்டும். அந்தக் கட்டுப்பாடு இல்லாதவர்களுக்கு கிளிப்தான் பொருத்தம். எதைச் செய்தாலும், சிகிச்சை முடிந்த பிறகு ரிடெய்னர் அணியாவிட்டால் பற்கள் பழைய இடத்துக்கு நகரத் தொடங்கும்.

கிளிப் சிறுவர்களுக்கு மட்டும்தான் என்பது தவறான எண்ணம். ஈறும் எலும்பும் நன்றாக இருந்தால் 30, 40 வயதிலும் செய்துகொள்ளலாம். இருந்தாலும் பிள்ளைகளை ஏழு, எட்டு வயதிலேயே ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. பத்தாம் வகுப்பில் தொடங்கியிருந்தால் எளிதாக முடிந்திருக்கும் ஒன்று, நிக்காஹ்வுக்கு இரண்டு வாரம் முன்பு பெரும் பிரச்சினையாக நிற்கிறது.

வெனீர்

பல்லின் முன்புறத்தில் மட்டும் ஒட்டப்படும் மெல்லிய பீங்கான் தகடுதான் வெனீர். இன்று "ஸ்மைல் டிசைனிங்" என்று விளம்பரம் செய்யப்படுவதில் பெரும்பகுதி இதுதான். ஹாலிவுட் நடிகர்களுக்காக இதை முதலில் செய்தவர் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த சார்லஸ் பின்கஸ் என்ற பல் மருத்துவர். அவர் செய்தவை படப்பிடிப்பு நேரத்துக்கு மட்டும் ஒட்டி, பிறகு கழற்றிவிடக்கூடிய தற்காலிகத் தகடுகள். எனாமலை அமிலத்தால் சற்றே சொரசொரப்பாக்கினால் பிசின் உறுதியாக ஒட்டும் என்பதை மைக்கேல் புவனகோர் என்பவர் 1955ஆம் ஆண்டில் காட்டிய பிறகுதான், நிலையாக ஒட்டும் வெனீர்களுக்கு வழி பிறந்தது.

வெனீருக்காகப் பொதுவாக எனாமலில் 0.3 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை இராவுகிறார்கள். கேட்கச் சிறிய அளவுதான். ஆனால் அதன் பிறகு அந்தப் பல் எப்போதும் ஏதாவது ஒரு மூடியுடன்தான் இருக்க வேண்டும். நன்றாகச் செய்த பீங்கான் வெனீர் 10 முதல் 15 ஆண்டுகள் வரை, சில நேரம் அதற்கு மேலும் இருக்கும். 25 வயதில் போட்டுக்கொள்பவர் வாழ்நாளில் மூன்று, நான்கு முறை மாற்ற வேண்டிவரலாம். ஒவ்வொரு முறையும் செலவு உண்டு, பல்லிலும் கொஞ்சம் குறையும்.

ப்ளீச்சிங்கில் மாறாத ஆழமான நிறம், பல பற்களில் வடிவக் குறை போன்றவற்றுக்கு வெனீர் சிறந்த சிகிச்சை. இரவில் பல் கடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கும், எனாமல் மிகவும் தேய்ந்தவர்களுக்கும் இது பொருந்தாமல் போகலாம்.

கேப்: கடைசிப் படி

கேப் என்பது பல்லை நான்கு புறமும் இராவி, அதன் மேல் தொப்பி போல மாட்டுவது. ரூட் கேனால் செய்த பல்லுக்கும், பெரிய அளவில் உடைந்த அல்லது சொத்தையான பல்லுக்கும் இது அவசியமான சிகிச்சை. நல்ல பல்லின் மேல் அழகுக்காக மட்டும் இதைப் போடுவதில்தான் சிக்கல் இருக்கிறது.

2002ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், ஈறுக்கு மேல் தெரியும் பல்லின் பகுதியில் வெனீர் வகைகளுக்காக 3 முதல் 30 சதவீதம் வரையும், முழு கேப்புக்காக 63 முதல் 72 சதவீதம் வரையும் இழக்கப்படுவதாகக் கணக்கிடப்பட்டது. அதாவது முன்பல்லின் பெரும்பகுதி போய், ஒரு சிறிய முளை மட்டுமே மிஞ்சுகிறது. இவ்வளவு ஆழமாக இராவும்போது உள்ளிருக்கும் நரம்பு பாதிக்கப்படலாம். உடனே வலிக்காவிட்டாலும் சில ஆண்டுகள் கழித்து நரம்பு செத்து, ரூட் கேனால் செய்ய நேரலாம். எத்துப் பல்லை உள்ளே தள்ளிக் காட்டுவதற்காக, நல்ல பற்களுக்கு முன்கூட்டியே ரூட் கேனால் செய்து கேப் போடுவதும் நடக்கிறது.

பிரிட்டனிலிருந்து குறைந்த செலவில் சிகிச்சை பெற துருக்கிக்குப் போகும் இளைஞர்கள், வெனீர் என்று நம்பிப் போய், பற்கள் முழுவதும் இராவப்பட்டு கேப்புடன் திரும்பிய செய்திகள் பல வந்துள்ளன. அங்கே இதற்கு "துருக்கிப் பற்கள்" என்றே பெயர் வந்துவிட்டது. குறுகிய விடுமுறையில் ஊருக்கு வந்து பல் கட்டிக்கொள்ளும் நம் சகோதரர்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது. சிகிச்சைக்குப் பிறகு பிரச்சினை வரும்போது, செய்த மருத்துவர் ஓர் ஊரிலும் நாம் வேறு நாட்டிலும் இருப்போம்.

எந்தக் குறைக்கு எது?

பற்கள் ஆரோக்கியமாக, சீராக, ஆனால் மஞ்சளாக இருந்தால்: ஸ்கேலிங், தேவைப்பட்டால் ப்ளீச்சிங்.

அடிபட்டு ஒரு பல் மட்டும் கறுத்துப்போயிருந்தால்: உள்ளே நரம்பு செத்திருக்கலாம். எக்ஸ்ரே எடுத்து, ரூட் கேனால் செய்த பிறகு அந்தப் பல்லை உள்ளிருந்தே வெண்மையாக்க முடியும். எல்லோருக்கும் கேப் தேவைப்படாது.

முன்பற்களுக்கு இடையே இடைவெளி இருந்தால்: சிறியதென்றால் பாண்டிங், பெரியதென்றால் பற்களை நகர்த்தும் சிகிச்சை. மேலுதட்டையும் ஈறையும் இணைக்கும் தசைநார் தடித்திருப்பதும், ஈறு நோயும்கூட இடைவெளிக்குக் காரணமாகலாம். காரணத்தைக் கண்டறியாமல் அடைத்தால் மீண்டும் திறக்கும்.

பழுப்புத் திட்டும் வெள்ளைக் கோடுகளும் இருந்தால்: இது ஃபுளோரோசிஸ் ஆக இருக்கலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பும் சேர்ந்திருப்பது இதனால்தான். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. பற்கள் உருவாகும் சிறு வயதில் அதிகமாக உள்ளே போனால்தான் இந்தக் கறை வரும். இது அசுத்தத்தின் அடையாளம் அல்ல, தொற்றும் நோயும் அல்ல. இதைக் காரணம் காட்டி ஒரு பெண்ணை வேண்டாம் என்பது அநியாயம். லேசான கறைக்கு எனாமலின் மேற்பரப்பை நூலிழை அளவு மட்டும் தேய்த்தெடுக்கும் மைக்ரோ அப்ரேஷன், திட்டுகளுக்குள் பிசினை ஊடுருவச் செய்யும் சிகிச்சை, ப்ளீச்சிங் ஆகியவை பலன் தரும். கறை ஆழமாக இருந்தால் பாண்டிங் அல்லது வெனீர்.

ஈறு கறுப்பாக இருந்தால்: நம் தோலுக்கு நிறம் தரும் மெலனினே ஈறுக்கும் நிறம் தருகிறது. பிறவியிலிருந்தே அப்படியென்றால் அது நோயல்ல. லேசரால் நீக்கினாலும் மீண்டும் வரக்கூடும். புதிதாக ஒரே இடத்தில் கறுத்தால் மட்டும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மார்க்கம் சொல்வது

அழகுக்காகப் பற்களுக்கிடையே இடைவெளி உண்டாக்கிக்கொள்ளும் பெண்களை நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. மறுபுறம், போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா பின் அஸ்அத் (ரலி) அவர்கள் தங்கத்தால் மூக்கு அமைத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்த செய்தி அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் உள்ளது. இவற்றின் அடிப்படையில், குறையை நீக்கும் சிகிச்சைக்கும், குறையில்லாத படைப்பை அழகுக்காக மாற்றுவதற்கும் மார்க்க அறிஞர்கள் வேறுபாடு காண்கிறார்கள். உடைந்த பல்லைச் சரிசெய்வதும், கோணலான பல்லை நேராக்குவதும், கறையை நீக்குவதும் முதல் வகை. ஒழுங்காக இருக்கும் பற்களை நாகரிகத்துக்காக இராவுவது இரண்டாவது வகையில் வரும். உங்கள் நிலை எதில் சேரும் என்ற ஐயம் இருந்தால் நம்பகமான ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல பல்லை இராவக் கூடாது என்று பல் மருத்துவம் சொல்வதும் இதே திசையில்தான் இருக்கிறது.

சம்மதிக்கும் முன் கேட்க வேண்டியவை

1. என் குறைக்குக் காரணம் என்ன? எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தீர்களா?

2. இதைவிடப் பல்லைக் குறைவாகத் தொடும் வழி உண்டா? இல்லையென்றால் ஏன்?

3. எத்தனை பற்களை இராவுவீர்கள்? எவ்வளவு? வெனீரா, கேப்பா? எழுதித் தருவீர்களா?

4. எத்தனை ஆண்டு இருக்கும்? உடைந்தால் என்ன செய்வது? மொத்தச் செலவு, மாற்றும் செலவு எவ்வளவு?

5. இராவும் முன் மாதிரி வடிவத்தைப் பல்லின் மேல் வைத்துக் காட்ட முடியுமா?

பல் மருத்துவர்கள் சட்டப்படி மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேட்பதில் தவறில்லை. பற்களை நகர்த்த ஆர்த்தடான்டிக்ஸ் படித்தவரையும், வெனீருக்கும் கேப்புக்கும் ப்ராஸ்தடான்டிக்ஸ் அல்லது கன்சர்வேட்டிவ் படித்தவரையும் நாடுவது நல்லது. அழகு நிலையங்களில் ப்ளீச்சிங்கோ வெனீரோ செய்துகொள்ள வேண்டாம். செலவு கவலையளித்தால், சென்னையிலுள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் பேராசிரியர்களின் மேற்பார்வையில் குறைந்த செலவில் சிகிச்சை பெறலாம்.

நிக்காஹ்வுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறதென்றால், அந்த மாதத்துக்குள் ஸ்கேலிங்கும் ப்ளீச்சிங்கும் முடித்து, தேவையான இடத்தில் பாண்டிங் செய்துகொள்ள முடியும். பெரும்பாலானோருக்கு அதுவே போதும். கிளிப்பைத் திருமணத்துக்குப் பிறகும் போட்டுக்கொள்ளலாம். மேடையில் எடுக்கும் படங்கள் ஒரு நாளுக்கானவை. பற்களோ, அல்லாஹ் நாடினால், பேரப்பிள்ளைகளின் நிக்காஹ் விருந்து வரை நமக்கு வேண்டியவை.